இரு ஏடுகளும் ஒரு மீதியும்: வங்கிக் கணக்கிணக்கத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தமிழிற் 'கணக்கு' என்னுஞ் சொல் எண்ணை மட்டுமன்றி எழுத்தையும் குறித்து வந்துள்ளது. அகரவரிசையை நெடுங்கணக்கு என்றனர்; எழுத்தறிவித்தவரைக் கணக்காயர் என்றனர்; பதினெட்டு நூல்களின் தொகுதியொன்றுக்குக் கீழ்க்கணக்கு என்று பெயரிட்டனர். இலக்கிய மாணவர் இச்சொல்லாட்சியைப் பெரும்பாலும் ஓர் அகராதிச் செய்தியாகக் கொண்டு கடந்து செல்வர். ஆயின் எண்ணும் எழுத்தும் ஒரே சொல்லினுள் அடங்கிக் கிடப்பதற்குச் சமூக அடிப்படை உண்டு. மெசொப்பொத்தேமியாவிற் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளுட் பெரும்பாலானவை தானியம், கால்நடை, கூலி ஆகியவற்றின் பதிவுகளே. உபரியைச் சேர்த்தவர்களுக்கே அதனை எழுதி வைக்கும் தேவையும் முதலில் எழுந்தது. கவிதை எழுத்தில் ஏறியது பின்னரே.

கணக்கேட்டை ஒரு சமூக ஆவணமாக நோக்கும் ஆய்வுகள் தமிழில் மிகக் குறைவு. வணிகக் கல்விப் பாடநூல்கள் உள. அவை கணக்கெழுதும் முறையைக் கற்பிப்பனவேயன்றி அம்முறை யாருடைய தேவையினின்று எழுந்தது, யாருடைய கையில் இருந்தது என்னும் வினாக்களை எழுப்புவன அல்ல. இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் தனியாள் கணக்கு மென்பொருள்கள் பல்கியுள்ளன. ஒருவர் தமது சம்பளம், வீட்டுச் செலவு, சேமிப்பு, கடன் ஆகியவற்றை அவற்றிற் பதிந்து, மாத முடிவில் வங்கிக் கூற்றுடன் ஒப்பிட்டு இணக்கம் செய்யலாம். வெறும் வசதி என்றே இது பேசப்படுகிறது. வசதி என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வொப்பீட்டின் பின்னால் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகால வரலாறு உண்டு. கணக்கு யாருடைய சாட்சியம் என்பது பற்றிய தீராத வழக்கொன்றும் உண்டு. அவ்வழக்கே எமது பொருள்.

இரட்டைப் பதிவு முறையின் தோற்றம் பற்றி அறிஞரிடையே நீண்ட விவாதம் நடந்துள்ளது. ஜேர்மானியப் பொருளியலாளர் வேர்ணர் சொம்பார்ட், 1902இல் முதன்முதல் வெளிவந்து பின்னர் விரிவாக்கப்பட்ட 'நவீன முதலாளித்துவம்' என்னும் பெருநூலில், இரட்டைப் பதிவின்றி முதலாளித்துவத்தை எண்ணிப் பார்க்கவே இயலாது என்னும் அளவுக்குச் சென்றார். அவர் வழிவந்தோர் கதேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' நாவலிலே இரட்டைப் பதிவு மனித அறிவின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகப் புகழப்படுவதைச் சான்றாகக் காட்டுவது வழக்கமாயிற்று. இங்கு இலக்கிய மாணவன் குறுக்கிட வேண்டியுள்ளது. அப்புகழுரை கதேயின் கூற்றன்று; வேர்ணர் என்னும் வணிக இளைஞனின் கூற்று. நாடக மேடையை நாடிச் செல்லும் நண்பனை வியாபாரத்துக்கு இழுக்க அவன் பேசும் பேச்சு அது; நாவல் அவனை அங்கதத்துடனேயே நோக்குகிறது. பாத்திரத்தின் குரலை ஆசிரியரின் குரலாகக் கொள்வது முதலாண்டு மாணவரிடம் நாம் திருத்தும் பிழை. பொருளியல் வரலாற்று நூல்களில் அது நெடுங்காலம் திருத்தப்படாது நின்றது.

சொம்பார்ட்டின் கருத்துக்குப் பலமான மறுப்பு பசில் யாமேயிடமிருந்து 1949இல் வந்தது. பழைய வணிகர் ஏடுகளை நேரிற் புரட்டிப் பார்த்தால், பலர் ஆண்டுதோறும் ஐந்தொகை எடுத்ததில்லை என்பதும், பேரேடு நிரம்பியபோதே மீதி எடுத்து அடுத்த ஏட்டுக்குக் கொண்டு சென்றனர் என்பதும் தெரியவரும் என்றார் அவர். இலாபத்தை அளக்கும் விஞ்ஞானக் கருவியாக அன்றி, யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை மறவாதிருக்கும் கருவியாகவே ஏடு பெரிதும் பயன்பட்டது. யாமே மார்க்சியர் அல்லர். எனினும் அவருடைய மறுப்பு நமக்கு உவப்பானது. ஓர் உத்தி தானாகவே ஒரு சமுதாய அமைப்பைப் பெற்றெடுத்தது என்னும் கருத்துமுதல்வாதக் கதையை அது நிலைகுலையச் செய்கிறது. கடன் உறவு முந்தியது. அதை எழுதும் வடிவம் அதனைத் தொடர்ந்தது.

இத்தாலிய நகரங்களின் சான்றுகளும் அவ்வாறே கூறுகின்றன. தென் பிரான்சில் வாணிகம் செய்த புளோரன்ஸ் வணிகரான ஃபரொல்ஃபி நிறுவனத்தாரின் 1299-1300 ஆண்டுப் பேரேட்டின் எஞ்சிய பகுதியிலே இரட்டைப் பதிவின் இலக்கணங்கள் காணப்படுகின்றன. ஜெனோவா நகராட்சியின் 1340ஆம் ஆண்டு ஏடுகள் அம்முறையிலேயே அமைந்துள்ளன. பிராட்டோ நகர வணிகரான பிரான்செஸ்கோ டட்டினி 1410இல் இறந்தபோது விட்டுச் சென்ற ஐந்நூறுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கடிதங்களும் இன்றும் உள்ளன. பிரான்சிஸ்கத் துறவியான லூக்கா பச்சியோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலில் இம்முறையை விளக்கியபோது அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை; வெனிஸ் வணிகர் செய்துவந்ததை எழுதி வைத்தார்.

பச்சியோலி எமக்கு முக்கியமாவது வேறொரு காரணத்தாலாகும். ஏடுகளை ஒப்பிடும் விதத்தை அவர் விவரிக்கிறார்: ஒருவர் நாளேட்டை வாசிக்க, மற்றவர் பேரேட்டில் அப்பதிவைத் தேடிக் கண்டு புள்ளியிடவேண்டும், புள்ளி பெறாது நிற்கும் பதிவே பிழையின் இடம். அரசாங்கப் பணிமனைகளுடன் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்போர் தமது குறிப்பைத் தனியே கவனமாக எழுதி வைக்கவேண்டும் என்றும் அவர் எச்சரிக்கிறார். அங்குள்ள எழுதுவினைஞர் அடிக்கடி மாற்றப்படுவர். ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் ஏடு நடத்துவர். முன்னவன் எழுதியதைப் பின்னவன் குறைகூறுவான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இவ்வெச்சரிக்கை இன்றைய எமது அலுவலகங்களை அறிந்தோர்க்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆயின் அதன் சாரம் கவனத்துக்குரியது: பலமுள்ள தரப்பின் ஏட்டுக்கு எதிரே பலங்குறைந்த தரப்பும் தன் ஏட்டை வைத்திருத்தல் வேண்டும்.

கார்ல் மார்க்ஸ், அவர் மறைவின் பின் எங்கெல்ஸ் 1885இல் வெளியிட்ட 'மூலதனம்' இரண்டாந் தொகுதியில், சுற்றோட்டச் செலவுகளை ஆராயுமிடத்துக் கணக்கெழுதுதலைத் தனியாக எடுத்துக்கொள்கிறார். அது மதிப்பை உண்டாக்குவதில்லை. உற்பத்தியினின்று கழிக்கப்படும் செலவே. எனினும் உற்பத்தி எவ்வளவுக்குச் சமூகமயமாகிறதோ அவ்வளவுக்குக் கணக்கு இன்றியமையாததாகிறது; சிதறிய கைவினை, விவசாய உற்பத்தியைவிட முதலாளித்துவ உற்பத்திக்கும், அதனைவிடக் கூட்டுடைமை உற்பத்திக்கும் அது அவசியமானது என்பது அவர் கருத்து. பழைய இந்தியக் கிராம சமுதாயத்திலே வேளாண்மைக் கணக்கை எழுதவென்றே ஒருவர் இருந்ததையும் அவர் அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டுகிறார். கணக்கு முதலாளித்துவத்தின் பாவம் என்று அதனை ஒதுக்கிவிடும் எளிய இடதுசாரி உணர்ச்சிக்கு மார்க்சிடம் இடமில்லை. முதற்றொகுதியில் ரொபின்சன் குரூசோவைப் பற்றிப் பேசும்போது, தனித்தீவில் ஒதுங்கியும் உடனே கணக்கேடு தொடங்கும் அவ்வாங்கிலேயனை அவர் நகைத்தபோதிலும், உழைப்பு நேரத்தின் பங்கீடு அவ்வேட்டில் மறைவின்றித் தெரிவதையும் சுட்டிக்காட்டினார்.

வங்கி வாடிக்கையாளரின் ஏடு பின்னர் வந்தது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இலண்டன் பொற்கொல்லர் வங்கிகளுக்கு வாடிக்கையாளர் நேரே சென்று, வங்கியின் பேரேட்டிலே தம் கணக்கைப் பார்வையிட்டு, மீதி சரியெனக் கண்டு அவ்வேட்டிலேயே கையொப்பமிடும் வழக்கம் இருந்தது. ஒரே ஏடு, இரு கண்கள். பின்னர் வங்கிக்கும் வாடிக்கையாளருக்குமிடையே போய்வரும் சிறு புத்தகம் உருவாயிற்று. ஆங்கிலத்திலே அதன் பெயரே அப்போக்குவரவைக் குறிக்கிறது. அதன் பின் மாதாந்தக் கூற்று. இவ்வளர்ச்சியில் வாடிக்கையாளர் வங்கி ஏட்டினின்று படிப்படியாகத் தூரப்படுவதைக் காண்கிறோம். அத்தூரத்தை ஈடுசெய்யும் கருவியே வங்கிக் கணக்கிணக்கக் கூற்று.

அதன் செய்முறை எளிது. ஒருவரது சொந்தக் காசேட்டில் மாத முடிவு மீதி 84,250 ரூபா எனவும், வங்கிக் கூற்றில் 90,450 ரூபா எனவும் கொள்வோம். அவர் எழுதிக் கொடுத்த 12,500 ரூபாக் காசோலை இன்னும் வங்கிக்குச் சமர்ப்பிக்கப்படவில்லை. அவர் வைப்பிலிட்ட 6,000 ரூபாக் காசோலை இன்னும் தேறவில்லை. வங்கி அறவிட்ட 300 ரூபா அவருக்குத் தெரியாது. தமது ஏட்டில் 300ஐக் கழித்தால் 83,950; வங்கி மீதியில் 12,500ஐக் கழித்து 6,000ஐக் கூட்டினாலும் 83,950. இரண்டும் இணங்கின. வேறுபாட்டின் ஒரு பகுதி காலத்தால் விளைந்தது, தானே தீரும். மற்றப் பகுதி அறியாமையால் விளைந்தது, தேடினாலன்றித் தெரியாது. அந்த 300 ரூபாவைக் கண்டுபிடிப்பதிலேதான் இம்முறையின் பயன் முழுவதும் தங்கியுள்ளது. வங்கியின் பிழையும் இவ்வழியிலேயே அகப்படும்.

இங்கு எமது கலைச்சொற்களிற் காணப்படும் ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலே பேரேட்டின் இடப்பக்கம் 'வரவு', வலப்பக்கம் 'செலவு'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடப்பக்கம் 'பற்று', வலப்பக்கம் 'வரவு'. ஒரே சொல் பாக்கு நீரிணையைக் கடந்ததும் எதிர்ப்பக்கத்துக்குப் பெயராகிறது! இதனை மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு எனக் கொள்வதற்கில்லை. காசேட்டை வைத்திருப்பவன் நிலையினின்று நோக்கினால் காசு வருவது இடப்பக்கம். ஆகவே அது வரவு. கடன்பட்டவன் பெயரில் எழுதும் கணக்கினின்று நோக்கினால் அவன் பெற்றது பற்று. அவனிடமிருந்து வந்தது வரவு. எமது வைப்புப் பணம் எமக்குச் சொத்து. வங்கிக்கோ அது கடன். எனவே எம் ஏட்டில் இடப்பக்கம் நிற்கும் அதே தொகை அவர்கள் ஏட்டில் வலப்பக்கம் நிற்கும். இரு கரையின் தமிழும் இவ்வுறவின் இரு தரப்பை ஆளுக்கொன்றாகப் பிடித்து வைத்துள்ளன.

இரு தரப்பும் ஏடு வைத்திருந்த உறவுகளைப் பற்றியே இதுவரை பேசினோம். ஒரு தரப்பு மட்டுமே ஏடு வைத்திருந்த உறவும் எமது மண்ணில் உண்டு. பெருந்தோட்டத் தொழிலாளி கங்காணியிடம் பெற்ற முற்பணம், கடை அரிசி, பிரயாணச் செலவு ஆகிய யாவும் கங்காணியின் அல்லது தோட்டத்தின் ஏட்டிலே ஏறின. வேறு தோட்டத்துக்குச் செல்வதாயின் கடன் தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' ஒன்று எழுதப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொண்டது. மனிதர் ஒரு மீதித் தொகையாகக் கைமாறினர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளியிடம் எதிரேடு இருக்கவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டவனிடம் அது இருந்திருக்கவும் முடியாது. கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பில்லாத இவ்வுறவின் சமயப் பிரதிபலிப்பைத் தேடுவோர்க்கு வட புலத்துச் சித்திராபௌர்ணமி வழக்கம் ஓர் எடுத்துக்காட்டு. கஞ்சி காய்ச்சி, சித்திரபுத்திரனார் கதை படிப்பர். பாவ புண்ணியம் யாவற்றையும் எழுதி வைக்கும் அந்தக் கணக்கப்பிள்ளையின் ஏட்டைப் பார்வையிட எவருக்கும் அனுமதியில்லை. இறந்தபின் வாசித்துக் காட்டப்படும். இணக்கக் கூற்றுக்கு அங்கு இடமில்லை.

தனியாள் கணினி தோன்றியதும் ஏடு புதிய உருவெடுத்தது. 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் ஆகியோர் அப்பிள் கணினிக்கு ஆக்கிய 'விசிகல்க்' விரிதாள், ஓரிடத்து எண்ணை மாற்றினால் ஏனையவை தாமே மாறும் அட்டவணையை மேசைக்குக் கொண்டுவந்தது. அது வணிகக் கல்லூரி மாணவரொருவரின் எண்ணத்தில் உதித்தது என்பது இயல்பே. வீட்டுக் கணக்குக்கெனப் பெரு வெற்றி பெற்றது 'குயிக்கன்'. ஸ்கொட் குக், ரொம் புரூ ஆகியோர் 1983இல் தொடங்கிய இன்ருயிற் நிறுவனம் அதனை அடுத்த ஆண்டு வெளியிட்டது. மாதாந்தப் பட்டியல்களுக்குப் பணஞ் செலுத்தி ஏடு எழுதும் வேலை பற்றி மனைவி சலித்துக்கொண்டதே குக்கின் எண்ணத்துக்கு வித்து என்பது அந்நிறுவனத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. கதை உண்மையாகவே இருக்கட்டும். அதில் தற்செயலாக வெளிப்படும் செய்தியையே நாம் நோக்கவேண்டும்: குடும்பத்தின் கணக்கெழுத்து ஊதியமற்ற பெண்ணுழைப்பாக நடந்துவந்தது; அதன் சலிப்பு சந்தைப் பண்டமாக மாற்றத்தக்கதாகத் தென்பட்டபோதே அது முதன்முறையாகக் கவனிக்கப்பட்டது.

குயிக்கனின் வெற்றிக்குக் காரணம் அது கணக்கியலைக் காட்டாது மறைத்தமையாகும். அமெரிக்கக் குடும்பங்கள் பெரும்பாலான கட்டணங்களைக் காசோலை எழுதித் தபாலில் அனுப்பிய காலம் அது. திரையிலே தோன்றியது காசோலையின் உருவமும் காசோலைப் பதிவேட்டின் உருவமுமே. வரவு, செலவு என்ற சொற்கள் பயனரின் கண்ணிற் படவில்லை. குடியானவன் மொழியில் வணிகம் பேசிற்று எனலாம். இதற்கு எதிர்த்திசையிற் சென்றது 1998இல் முதற்பதிப்பு வெளிவந்த 'குனூகாஷ்' என்னும் கட்டற்ற மென்பொருள். தன்னார்வலர் கூட்டாக ஆக்கிப் பேணிவரும் இதன் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். இது இரட்டைப் பதிவை வெளிப்படையாகவே வற்புறுத்துகிறது. கடையில் வாங்கிய அரிசிக்கு வங்கிக் கணக்கிலிருந்து பணம் சென்றால், 'உணவு' என்னும் கணக்கில் அது வந்து சேர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலை உண்டு: இணக்கம் செய்யாதது, தேறியது, இணக்கம் செய்தது. கூற்றின் திகதியையும் இறுதி மீதியையும் இட்டால், இணங்கவேண்டிய பதிவுகளை அது வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொன்றாகக் குறியிட்டுச் செல்ல வேறுபாடு குறைந்து பூச்சியத்தை அடையும். பச்சியோலியின் புள்ளி திரையில் மீண்டும் தோன்றுகிறது. எதிர்ப்பக்கம் காணாத பதிவை அது மறைப்பதில்லை. 'சமனின்மை' என்னும் தனிக்கணக்கொன்றில் எல்லோரும் காண நிறுத்தி வைக்கிறது. எமது பாடநூல்கள் தொங்கல் கணக்கு என்று கூறுவது இதனையே. இக்கணக்கைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கும்.

வணிக மென்பொருள்களின் வரலாறு ஏகபோகத்தின் வரலாறுமாகும். 1991இல் 'மணி' என்னும் மென்பொருளுடன் இத்துறையிற் புகுந்த மைக்ரோசொப்ட், குயிக்கனை வெல்ல இயலாது 1994 ஒக்ரோபரில் இன்ருயிற் நிறுவனத்தையே ஏறத்தாழ 150 கோடி டொலருக்கு வாங்க முனைந்தது. அமெரிக்க நீதித் திணைக்களம் 1995 ஏப்ரலில் வழக்குத் தொடுக்க, அடுத்த மாதம் முயற்சி கைவிடப்பட்டது. 'மணி'யின் விற்பனை 2009இல் நிறுத்தப்பட்டது. பழைய கோப்புகளைத் திறப்பதற்கென 2010இல் இறுதிப் பதிப்பொன்று இலவசமாக விடப்பட்டது. குயிக்கன் 2016இல் தனியார் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டு, பின்னர் சந்தா முறைக்கு மாறிற்று. டட்டினியின் ஏடுகளை அறுநூறு ஆண்டுகளின் பின்னரும் வாசிக்க முடிகிறது. இருபதாண்டுக் குடும்பக் கணக்கொன்றை வாசிக்க ஒரு கொம்பனியின் அனுமதி தேவைப்படுகிறது.

இதனினும் பாரதூரமான மாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. வங்கிப் பதிவுகளை நேரே கணினிக்கு இறக்குமதி செய்வதற்கான பொது வடிவமொன்றை மைக்ரோசொப்ட், இன்ருயிற், செக்ஃபிரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் 1997இல் வெளியிட்டன. பயனர் தாமாக எதையும் எழுதவேண்டியதில்லை. வங்கி அனுப்பும் பட்டியல் ஏட்டில் வந்து விழும். 2007இல் தொடங்கிய 'மின்ற்' என்னும் சேவை இதனை அதன் தருக்க முடிவுக்குக் கொண்டு சென்றது. வாடிக்கையாளர் தமது வங்கிக் கடவுச்சொல்லையே ஒப்படைத்தனர், சேவை இலவசம், அவர்களது செலவுப் பழக்கத்தை நோக்கிக் கடனட்டைகளையும் பிற நிதிப் பண்டங்களையும் சிபாரிசு செய்து பெற்ற தரகே வருமானம். இன்ருயிற் 2009இல் 17 கோடி டொலருக்கு அதனை வாங்கியது; 2024 மார்ச்சில் மூடியது.

இறக்குமதியின் விளைவை நிதானமாகச் சிந்திக்கவேண்டும். இணக்கம் என்பது தனித்தனியே எழுதப்பட்ட இரு சாட்சியங்களின் ஒப்பீடு. எம் ஏட்டிலுள்ள பதிவுகள் யாவும் வங்கியிடமிருந்தே வந்தனவாயின், நாம் வங்கியின் ஏட்டை வங்கியின் ஏட்டுடனேயே ஒப்பிடுகிறோம். வேறுபாடு எப்போதும் பூச்சியமாகவே இருக்கும். அப்பூச்சியம் எதையும் நிரூபிப்பதில்லை. மேற்காட்டிய 300 ரூபா, பயனர் அறியாமலே 'வங்கிக் கட்டணம்' என்ற தலைப்பின்கீழ் அமர்ந்துவிடும். திரையிற் பச்சைக்குறி தோன்றும். இரண்டாவது சாட்சி மறைந்துவிட்டமை தெரியாது. உழைப்பு மிச்சமாயிற்று என்பது மெய். எவ்வுழைப்பு மிச்சமாயிற்று? மேற்பார்வை செய்யும் உழைப்பே.

இரண்டாவது சாட்சியின் இன்மை எங்கே கொண்டு செல்லும் என்பதைப் பிரித்தானியத் தபாலகக் கிளைகளின் அனுபவம் காட்டிற்று. 1999 தொடக்கம் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறைமை கிளைகளிற் புகுத்தப்பட்டது. ஆக்கியது ஃபுஜிற்சு நிறுவனம். கிளை பொறுப்பாளர் பலரின் திரையில் விளக்கமற்ற பற்றாக்குறைகள் தோன்றின. முன்னர், வேறுபாட்டைக் கிளைமட்டத் தொங்கல் கணக்கொன்றில் நிறுத்தி வைக்க வழியிருந்தது. 2005இல் அது நீக்கப்பட்டது. அதன்பின் பொறுப்பாளர் பற்றாக்குறையைத் தம் பணத்தால் நிரப்பவேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டதாகக் கணக்கை முடிக்கவேண்டும். முடிக்காமல் அடுத்த கணக்குக் காலத்துக்குச் செல்ல இயலாது. திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காக 900க்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீட்டை இழந்தனர். தற்கொலை செய்துகொண்டோரும் உளர். சிறு கடையும் தபாலகமும் சேர்த்து நடத்திய தெற்காசியக் குடியேறிகள் அவர்களுட் கணிசமானோர். கணினி சரியாகவே இயங்கியது என்று எதிர்ச்சான்று காட்டப்படும்வரை கொள்ளும் நிலை இங்கிலாந்துச் சான்றுச் சட்டத்திலே அக்காலத்தில் ஏற்பட்டிருந்தது. எதிர்ச்சான்றுக்கு வேண்டிய பதிவுகளோ எதிராளியின் கையில் இருந்தன. அலன் பேற்சும் ஏனைய 554 பேரும் தொடுத்த வழக்கில் 2019 டிசெம்பரில் வெளியான தீர்ப்பு, முறைமையிற் பிழைகள் இருந்தன என்பதையும், ஃபுஜிற்சு ஊழியர் தொலைவிலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்ற முடிந்தது என்பதையும் உறுதிப்படுத்தியது. 2024 மே மாதச் சட்டத்தால் தண்டனைகள் மொத்தமாக நீக்கப்பட்டன. துண்டு முறையின் ஒருபக்க ஏட்டையும் இதனையும் பிரிப்பது நூறாண்டும் ஒரு கணினித் திரையுமே.

சட்டம் எப்போதும் பலமுள்ளவர் பக்கமே நின்றது என்று கூறுவதும் பொருந்தாது. ஹொங்கொங் பஞ்சாலையொன்றின் கணக்கு எழுதுவினைஞர் பல ஆண்டுகளாக ஏறத்தாழ 300 காசோலைகளைப் போலிக் கையொப்பமிட்டு மாற்றிய வழக்கிலே, மாதக் கூற்றைச் சரிபார்க்கத் தவறிய வாடிக்கையாளரே நட்டத்தை ஏற்கவேண்டும் என வங்கிகள் வாதாடின. தாய் ஹிங் வழக்கு என அறியப்படும் இதில் 1985இல் பிரிவிக் கவுன்சில் அவ்வாதத்தை நிராகரித்தது: வெளிப்படையான உடன்படிக்கை இல்லாவிடத்து, கூற்றைச் சரிபார்க்கும் சட்டக் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. அமெரிக்க வணிகச் சட்டக்கோவை இதற்கு மாறானது. ஓராண்டுக்குள் போலிக் கையொப்பத்தைச் சுட்டிக்காட்டாதவர் உரிமையை இழப்பர். அமெரிக்காவிலே காசோலைப் பதிவேட்டைச் சமன்செய்தல் குடும்ப ஒழுக்கமாகப் போற்றப்பட்டதற்குச் சிக்கன மனோபாவத்தை மட்டும் காரணங் காட்டுவோர் இச்சட்ட நிலையையும் கணக்கிலெடுத்தல் நன்று.

இலங்கையில் 2006இல் காசோலைகளின் மின்பிம்பத்தைக் கொண்டு தீர்வு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது; 2015 முதல் வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் பணம் மாற்றும் முறையும் உண்டு. தேறாத காசோலைக்குக் காத்திருக்கும் நாட்கள் சுருங்கின. காலத்தால் விளையும் வேறுபாடு குறையக் குறைய இணக்கக் கூற்று தேவையற்றது என்ற எண்ணம் பரவுவது இயற்கை. ஆனால் காலவேறுபாடு எப்போதுமே தீங்கற்ற வேறுபாடாகும். எஞ்சி நிற்பவை கட்டணம், தவறான அறவீடு, மோசடி, மறந்துபோன நிலையியற் கட்டளை ஆகியனவே. அவற்றுக்குத் தீர்வு முறையின் வேகம் மருந்தாகாது.

இம்முறையின் எல்லையையும் மனங்கொள்ள வேண்டும். 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, சதம் பிசகாது இணக்கஞ் செய்யப்பட்ட சேமிப்புக் கணக்குகள் யாவும் இணங்கியே இருந்தன. ஏட்டின் அலகே சுருங்கியதை ஏடு காட்டவில்லை. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன. உடன்படாத நிதியங்களின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்னும் நிர்ப்பந்தம் முன்வைக்கப்பட்டது. உறுப்பினரின் தனிப்பட்ட மீதிக் கூற்றிலே இப்பேச்சுவார்த்தையின் சுவடு எதுவுமில்லை. தனியாள் தமது ஏட்டைத் திருத்தமாக வைத்திருத்தலால் இத்தகைய முடிவுகளை எதிர்கொள்ள இயலாது. சமூகக் கணக்கைப் பார்வையிடும் உரிமை வேறொரு போராட்டத்துக்குரியது. மார்க்ஸ் கூட்டுடைமை உற்பத்திக்குக் கணக்கு மேலும் அவசியம் என்றதன் பொருளும் அங்கேயே விளங்கும்.

எனினும் சிறிய ஏட்டைக் கைவிடுவதற்கு இது காரணமாகாது. கூலி பெறுவோரும், சிறு சங்கங்களின் தனாதிகாரிகளும், வாசிகசாலை, மாதர் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றின் கணக்கை நடத்துவோரும் கட்டற்ற மென்பொருளொன்றைப் பயன்படுத்துவது நன்று. பயன்படுத்துமிடத்து, கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்த அன்றே பற்றுச்சீட்டைப் பார்த்துத் தம் கையாற் பதிந்துவிட்டு, வங்கிக் கூற்றை அதன் பின்னரே திறத்தல் வேண்டும். இறக்குமதி செய்வதாயினும் கைப்பதிவுடன் பொருத்திப் பார்ப்பதற்காகவே செய்யலாம். இணங்காத தொகையை 'பலவினச் செலவு' என்று எழுதி மூடிவிடாது தொங்கல் கணக்கிலேயே விட்டு வைக்கவேண்டும். சங்கக் கூட்டத்தில் அது வாசிக்கப்படவேண்டும்.

இத்தகைய மென்பொருள்களைத் தமிழ்ப்படுத்துவோர் முன் நாம் மேலே குறிப்பிட்ட சொற்சிக்கல் நிற்கிறது. பேரேட்டின் இடப்பக்கத்துக்கு 'வரவு' என்று பெயரிட்டால் மதுரையிலுள்ள பயனர் தமது கணக்கைத் தலைகீழாக வாசிப்பார். 'பற்று' என்று பெயரிட்டால் மட்டக்களப்பிலுள்ளவர் திகைப்பார். இரு வழக்குக்கும் இரு தனித்தனிச் சொற்பட்டியல்கள் வேண்டும் என்பதே எமது கருத்து.